பெயர் மறைத்த வீடு

பெங்களூரு
12.10.2024

அன்புள்ள ஆபா,

ஸலாம். நான் நலம். கழுத்து வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் மூச்சிரைப்பு எப்படி? வேலூரில் பாகாயம் பக்கம் மரங்கள் ஜாஸ்தி என்கிறார்கள். பூக்கிற மாதங்களில் ஜன்னலைச் சாத்திவை.

நீ நலமாக இருக்கிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவர் போனை அமைத்துக் கொடுத்ததே தூல்ஹாபாய்தான் என்பதால், தனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. (அக்கா வீட்டுக்காரர் என்ற முறையில் உன் கணவரை இன்னும் தூல்ஹாபாய் என்றுதான் எழுத வருகிறது. மன்னித்துக்கொள்.)

"ரமலான் பெருநாள் முடிஞ்சி ஜமாஅத்துல தேதி குடுத்துட்டாங்க. அன்னிக்கி பிரியறதுக்கு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா முடிஞ்சிடும். அதுவரைக்கும் அவ தைரியமா இருந்தா போதும்" என்றார்.

ஆறு மாதம். அதற்குள் தூல்ஹாபாய் உன்னைக் கண்டுபிடித்து எதிரில் வந்து நிற்காமல் இருந்தால் போதும். முன்பு இரண்டு முறையும் அப்படித்தானே ஆனது. நீ கிளம்பி வந்தாய், இரண்டாம் நாள் வந்து நின்றார், அழுதார், நீ பையை எடுத்துக்கொண்டு போனாய்.

போன் வேண்டாம், கடிதம் போடு என்று நீ சொன்னபோது சிரித்துவிட்டேன். நேற்று அஞ்சலகத்தில் உறை வாங்கும்போது சிரிப்பு வரவில்லை. அனுப்புநர் இடத்தில் உன் பெயரை எழுதாதே. நான் தங்கியிருக்கும் விடுதியில் தூல்ஹாபாயின் சித்தப்பா மகள் இருக்கிறாள். கடிதங்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமேல்தான் கிடக்கும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்
உமைமா

---

பாகாயம்
24.10.2024

என் உமைமாவுக்கு,

ஸலாமும் துஆவும். எனக்கு இரைப்பு கம்மிதான். உன் கழுத்துக்குத் தலையணை இல்லாமல் படுத்துப் பார்.

விடுதி நன்றாக இருக்கிறது. எட்டுப் பேர், இரண்டு குளியலறை. வார்டன் பெயர் அமிர்தவள்ளி. வந்த அன்றைக்கு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அடிச்சானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "குடியா?" இல்லை. "வேற பொம்பளை?" இல்லை. "அப்ப இன்னாதாம்மா ஒனக்கு?" என்றார். என்ன சொல்வது? நான் எங்கே இருக்கிறேன் என்று என் போன் வழியாக அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது என்றேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி கேன்டீனில் போனில் பணம் கட்டி இரண்டாவது டீ குடித்தால், "இன்னிக்கி ரெண்டு டீயா?" என்று மாலையில் கேட்பார். சிரித்துக்கொண்டே கேட்பார். அமிர்தவள்ளியம்மா சாவியை எடுத்து நீட்டி, "ரூம் நம்பர் நாலு" என்றார்.

சத்துவாச்சாரியில் ஷூ பேட்டர்ன் வரையச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் வேலை கிடைத்துவிட்டது. டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன்.

பஸ் என்றதும் ஞாபகம் வந்தது. பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்குச் சின்ன வயதில் அம்மியின் கையைப் பிடித்துக்கொண்டு போவோமே, பக்கத்து சீட்டில் யாராவது "பேரு இன்னாம்மா?" என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பெயர் சொல்வேனே. ஒருமுறை ரோஸ்மேரி என்று சொல்லி, அந்த அம்மா எனக்குச் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்தாரே. அம்மி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குடியாத்தம் வரைக்கும் குலுங்கினார்.

அதனால் உறைமேல் அந்தப் பெயர்களையே எழுதப் போகிறேன். உனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த முறை,
மனோரமா

---

பெங்களூரு
9.11.2024

அன்புள்ள மனோரமாவுக்கு,

ஸலாம். நலம். தலையணையை எடுத்துவிட்டேன், வலி பாதியாகிவிட்டது.

நான் ஆபீஸில் என்ன செய்கிறேன் என்று நீ மூன்று வருடமாகக் கேட்கிறாய். நானும் மூன்று வருடமாகக் குழப்பி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்தபோதுதான் சொல்லத் தெரிந்தது. போன் என்பது பஸ்ஸில் போகிற பெண். வழியில் இருக்கும் ஒவ்வொரு டவரும் "பேரு இன்னா?" என்று கேட்கும். முன்பெல்லாம் சில நேரங்களில் போன் தன் நிஜமான எண்ணையே சொல்லிவிடும். பக்கத்தில் ஒட்டுக்கேட்பவனுக்கு அது போதும். இப்போது கேட்கிற அந்த நொடியிலேயே ஒரு புதுப் பெயரைச் செய்து, பூட்டிக் கொடுக்கும். சாவி சிம் கொடுத்த கம்பெனியிடம் மட்டும். மறுபடி கேட்டால் மறுபடி வேறு பெயர். என் வேலை அதைச் சோதிப்பது. பத்தாயிரம் தடவை "பேரு இன்னா?" என்று கேட்டு, ஒரு பெயர்கூட இரண்டு முறை வரவில்லை என்று பார்ப்பது. நீ குடியாத்தம் பஸ்ஸில் செய்ததற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இத்துடன் வரும் பார்சலில் ஒரு புதுப் போன் இருக்கிறது. வேலைக்குத் தேவைப்படும். பழையதைத் தொடவே தொடாதே. தீபாவளி விடுமுறைக்குப் பேரணாம்பட்டு போனபோது, அம்மியின் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே அமைத்தேன். வேண்டாதவற்றையெல்லாம் அணைத்துவிட்டேன். இது உன்னைக் காட்டிக்கொடுக்காது.

வீட்டு வைஃபை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் உறிஞ்சுவார்கள் என்று உன் கல்யாண வருஷம் தூல்ஹாபாய் அதன் பெயரை மறைத்து வைத்தாரே. இன்றும் வருகிறவர்களெல்லாம் அப்பாவிடம் கேட்டு, எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டியிருக்கிறது. நானும் தட்டினேன்.

உமைமா

---

பாகாயம்
1.12.2024

என் உமைமாவுக்கு,

ஸலாம். போன் வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. புயல் மழையில் இரண்டு நாள் மையம் மூடியிருந்தது.

நீ வைஃபை பற்றி எழுதியதை நான்கு முறை படித்தேன். அம்மி இருந்தவரை அப்பா அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "ஏங்க", "இங்க பாரு", "ஹீனா அம்மி" என்பார். வீட்டு வாசலில் 'பில்கிஸ் மன்ஸில்' என்று கல்லில் வெட்டி வைத்தாரே தவிர வாயால் சொன்னதில்லை. அம்மியும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் "வீட்டுக்காரர் பேர்?" என்று கேட்டபோது என்னைப் பார்த்தார், அப்பா பெயர் ஜியாவுல்லா என்று நான்தான் சொன்னேன்.

இப்போது யார் வந்து வைஃபை கேட்டாலும், மீட்டர் பார்க்க வருகிறவன் கேட்டாலும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "பில்கிஸ், பக்கத்துல மன்ஸில்" என்கிறார் இல்லையா? வைஃபை பெயருக்காக ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது சொல்கிறார். உன் தூல்ஹாபாய், தௌசீப், எனக்குச் செய்தது வேறு. நம் அப்பாவுக்கு அறியாமலேயே ஒரு நல்லது செய்திருக்கிறார்.

நான் இப்படி எழுதுவதை நீ கண்டுகொள்ளாதே. இங்கே ஞாயிற்றுக்கிழமைகள் நீளம்.

ரோஸ்மேரி

---

பெங்களூரு
15.12.2024

அன்புள்ள ஆபா,

ஸலாம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நானும் நலம்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. தூல்ஹாபாய் போன வாரம் எனக்குப் போன் செய்தார். "எங்க இருக்கான்னு கேக்கல உமைமா. வேளைக்குச் சாப்பிடுறாளா? அத மட்டும் சொல்லு" என்றார். "சாப்பிடுகிறாள்" என்றேன். "சரி, தேங்க்ஸ்மா" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லையும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆபீஸில் ஒரு தவறு பிடிபட்டது. ஒரு வகைப் பெயர்களைப் பூட்டும்போது பெயர் மறைகிறது, ஆனால் அதன் நீளம் அப்படியே தெரிகிறது. ஊரிலேயே மிக நீளமான பெயர் உள்ளவன் எத்தனை வேஷம் போட்டாலும் மாட்டிக்கொள்வான். மூன்று வருடமாக யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போனேன். தூங்கிவிட்டேன். தோல் பதனிடும் முதல் ஷாப்பு தாண்டும்போது மூக்கு எழுப்பிவிட்டது. வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உமைமா

---

பாகாயம்
12.1.2025

உமைமா,

ஸலாம். நலம்தான். உடனே பதில் எழுத முடியவில்லை.

அவர் குரல் எப்படி இருந்தது? இளைத்தவர் குரல் போல இருந்ததா? தன் கம்ப்யூட்டர் கடையில் மத்தியானம் சாப்பிடாமல் இருந்துவிடுவார், நான்தான் போன் செய்து ஞாபகப்படுத்துவேன். பார், நானும் அவரைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். ஆனால் அவர் பதில் சொல்லாவிட்டால் நான் தேடிக்கொண்டு போகமாட்டேன்.

நேற்று பையை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தேன். அமிர்தவள்ளியம்மா வந்து பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு ஊருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அந்தப் பையைக் கீழ வை, பெட்ஷீட்டு அழுக்காவுது" என்றார். கீழே வைத்தேன்.

வந்து எதிரில் நின்று அழுதால் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஏப்ரல் வரைக்கும் வராமல் இருந்தால் போதும்.

சபூரா

---

பெங்களூரு
20.1.2025

அன்புள்ள ஆபா,

ஸலாம். உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

அப்பா ஒன்று சொன்னார். தூல்ஹாபாய் இப்போது வேலூர் பக்கம் பெண்கள் விடுதிகளாகப் பார்த்துப் போய், வைஃபையை இலவசமாகச் சரிபார்த்துத் தருகிறாராம். கடைக்கு விளம்பரம் என்கிறாராம். எதற்கு என்று உனக்கும் எனக்கும் தெரியும். சுற்றியிருக்கும் போன்களையெல்லாம் காட்டுகிற ஒரு கருவியை லேப்டாப்பில் வைத்திருக்கிறார்.

பயப்படாதே. அவருக்குத் தெரிந்தது உன் பழைய போன். வைஃபை என் பிரிவு இல்லை, அதை வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். ஆனால் அங்கேயும் இதே ஏற்பாடுதான், புதுப் போன் ஒவ்வொரு இடத்திலும் புதுப் பெயர்தான் சொல்லும். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்தாலும் உன்னைத் தெரியாது. பத்தாயிரம் தடவை கேட்டுப் பார்த்தவள் சொல்கிறேன், நம்பு.

பையைக் கீழேயே வை.

உமைமா

---

பாகாயம்
10.2.2025

என் உமைமாவுக்கு,

ஸலாம். நான் நலம். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவர் வந்துவிட்டார்.

நேற்று ஞாயிறு, காலை பத்து மணி. துணி காயப்போட்டுவிட்டுப் படி இறங்கும்போது ஹாலில் அவர் குரல் கேட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். தரையில் சம்மணம் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இளைத்துத்தான் இருக்கிறார்.

"மேடம், இங்க பேரணாம்பட்டுப் பொண்ணு யாராச்சும் தங்கியிருக்காங்களா?"

"ஏன் சார், வைஃபைக்கு ஊரு பேரெல்லாம் வேணுமா?" என்றார் அமிர்தவள்ளியம்மா.

அவர் திரையைப் பார்த்து, "பில்கிஸ் மன்ஸில்" என்றார். பள்ளிவாசல் பாங்கு கேட்ட மாதிரி மெதுவாக. அதற்குள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார்.

ஓட நினைத்தேன். அவர் எழுந்து வந்து படிக்குக் கீழே நின்றார்.

"பதினோரு ஹாஸ்டல் ஹீனா. எல்லா எடத்துலயும் வெறும் பொய்ப் பேருங்க. ஒன் போனும் அப்டித்தான், எத்தினி தபா பாத்தாலும் வேற வேற பேரு. ஆனா வூட்டைக் கூப்ட்டுக்கினே இருக்கு பாரு! பில்கிஸ் மன்ஸில் இருக்கியா, பில்கிஸ் மன்ஸில் இருக்கியான்னு. இங்க வந்து கூட. ஒன் மனசு அங்கதான இருக்கு? ஏன் இப்டி பேஜார் பண்ணிக்கிற? வா, போலாம்."

அழுதார். அமிர்தவள்ளியம்மா திரும்பி நின்றுகொண்டார். நான் ஒரு படி இறங்கினேன். இன்னும் ஒரு படி இறங்கியிருந்தால் போயிருப்பேன், உமைமா. உண்மையாகவே போயிருப்பேன். அப்போதுதான் அவர் சொன்ன பெயர் காதில் விழுந்தது.

"அது எங்க அம்மி வீடு. ஒங்க வீட்டுப் பேரு வந்துச்சா அதுல?" என்று கேட்டேன்.

திரும்பிப் போய் உட்கார்ந்து தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"வரல."

"ஒரு தபாகூட?"

மறுபடி ஒருமுறை முழுதும் பார்த்துவிட்டு, "வரல" என்றார்.

பிறகு ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். எப்போதும் போல, முழங்கையிலிருந்து கட்டைவிரலுக்கு, ஒழுங்காக. "ஓசில வேலை செஞ்சிருக்கீங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றார் அமிர்தவள்ளியம்மா. நின்றபடியே குடித்தார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

என் போன் எப்படி நம் வீட்டைக் கூப்பிட்டது? நீ அனுப்பியதிலிருந்து நான் அதில் ஒன்றும் செய்யவில்லையே, விடுதி வைஃபையைக்கூடச் சேர்க்கவில்லை. ஆனால் நான் இருந்துவிட்டேன் உமைமா. அவர் எதிரில் வந்து அழுதும் நான் இங்கேயே இருந்துவிட்டேன்.

இந்த முறை பெயர் யோசிக்கத் தோன்றவில்லை. உறைமேல் தீபலட்சுமி.

---

பெங்களூரு
16.3.2025

அன்புள்ள ஆபா,

ஸலாம். ரமலான் முபாரக். நோன்பில் இரைப்பு மருந்தை விடாதே, ஸஹர் சாப்பாட்டு நேரத்திலேயே எடுத்துக்கொள். நான் நலம். அப்பாவும் நலம்.

பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. ஆபீஸில் வேலை அதிகம்.

நீ கேட்டதற்கு: சாதாரண வைஃபை தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும், போன் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பெயர் மறைத்த வைஃபை வாயே திறக்காது. அதனால் அதை ஒருமுறை தெரிந்துகொண்ட போன், போகிற இடமெல்லாம் தானே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

செட்டிங்ஸில் வைஃபைக்குப் போ. சேமித்தவை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் அந்தப் பெயரைத் தொட்டு அழித்துவிடு.

நீ செய்தது பெரிய விஷயம். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

உமைமா

---

பேரணாம்பட்டு
13.4.2025

என் அன்புத் தங்கைக்கு,

ஸலாமும் துஆவும். நானும் அப்பாவும் நலம். உன் கழுத்து எப்படி இருக்கிறது? பெருநாளைக்கு நீ வராததற்கு ஆபீஸ் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்ன பட்டியலைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் புரியவில்லை. பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பரத்திடம் காட்டினேன். "புதுப் போன் மேடம் இது. யார் செட் பண்ணாங்களோ அவங்க போட்ட ஒரே வைஃபை. வேற எதுவும் இதுக்குத் தெரியாது" என்றான். "மறைக்காத வைஃபையை எந்தப் போனும் கூப்பிடாது" என்றும் சொன்னான். தௌசீப் வீட்டு வைஃபை மறைக்காததுதான். அப்போதுதான் உன் ஒரு மாதத்தின் அர்த்தம் தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுத்ததும் நீ தட்டிய பெயர்தான், காப்பாற்றியதும் அதுதான். எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டாய், இல்லையா?

வியாழக்கிழமை ஆம்பூரில் ஜமாஅத். மக்பூல் அகமது சாஹிப் பெரியவராக உட்கார்ந்திருந்தார். "தௌசீப், ஒனக்கு சம்மதம்தானா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார். "அவ போன்லகூட என் வீடு இல்ல சாப். இனிமே நான் இன்னா சொல்றது?" என்றார் அவர். பேனாவைத் திறந்துவிட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றேன். "அது உமைமா வாங்கிக் குடுத்த போன். அவ பேரணாம்பட்டுல வெச்சி செட் பண்ணது. ஒங்க வீடே அதுக்குத் தெரியாது. அது சொன்னத வெச்சி கையெழுத்து போடாதீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். தௌசீப் பேனா மூடியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"தெரிஞ்சிருந்தா கூப்ட்டிருக்குமா?"

பரத் சொல்லிக்கொடுத்த பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அவர் போனைப் பற்றிக் கேட்கவில்லை.

"இல்லைங்க" என்றேன்.

கையெழுத்து போட்டார். வெளியே வரும்போது, "வேளைக்குச் சாப்பிடு" என்றார். "நீங்களும்" என்றேன். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பாகாயத்தில் பையை எடுத்துக்கொண்டு நேற்று பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா கேட்டார், "பேரு இன்னாம்மா?" வாயில் நாலைந்து பெயர் வந்தது. ஹீனா என்று சொல்லிவிட்டேன். "எந்த ஊரு?" என்று கேட்டதற்கும் உண்மையைச் சொன்னேன். தோல் ஷாப்பு வாசனை வந்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்டிதான் இருக்கீங்களோ" என்றார்.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பைக்குள் போன் டிங் என்றது. வீட்டைச் சேர்ந்துவிட்டது. நீ சொன்னபடி அதை நான் அழிக்கவில்லை உமைமா. இனி எதற்கு அழிக்க வேண்டும்? நீயும் அடுத்த வாரம் கிளம்பி வா. அதைப் பற்றி நாம் பேசவே வேண்டாம்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன், "வைஃபை பேரை எல்லாருக்கும் தெரியிற மாதிரி மாத்திடட்டுமா? ஒவ்வொருத்தருக்கும் நீங்க சொல்லிக்கினே இருக்கணுமே."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேணாம்மா" என்றார். "அப்புறம் யாரு வந்து என்னைக் கேப்பாங்க?"

உன் ஆபா,
ஹீனா